பசியாறிய சந்தின் வரைபடம்

மலேசியத் தமிழர்களுக்குக் காலையில் டிபன் கிடையாது. நாங்கள் பசியாறுவோம். "பசியாறிட்டீங்களா?" என்பதுதான் பினாங்கில் எங்கள் காலை வணக்கம். அதே பழக்கத்தில், புதுச்சேரி குருசுக்குப்பத்துச் சந்து ஒன்றில் இட்லிக் கடை போட்டிருந்த லூர்தக்காவிடம், "அஞ்சு இட்லி குடுங்கக்கா, பசியாறணும்" என்றேன். அவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஆளப் பாத்தா பத்து துன்னுவீங்க போல இருக்குது. அஞ்சுல எங்க சார் பசி ஆறும்?"

ஆறவில்லை. மேலும் இரண்டு வாங்கினேன். அன்றிலிருந்து அந்தச் சந்துக்கு நான் 'மலேசியா சார்' ஆகிவிட்டேன்.

நான் புதுச்சேரிக்குப் போனது இட்லி தின்பதற்கு அல்ல. நோய் வரைபடம் போடுவது என் தொழில். எந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல், எந்த அடுக்குமாடியில் டெங்கி என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போவோம். புள்ளிகள் கூடும் இடத்தில் போய்க் கொசுவைத் தேடலாம். புதுச்சேரியில் மழைக்குப் பிறகு கடலோரக் குடியிருப்புகளில் வயிற்றுப்போக்கு வருகிறது, வீடு வீடாக விசாரித்து ஆராய்கிறோம், வரைபடம் தெரிந்த ஆள் தேவை என்று ஒரு சிறு ஆய்வுக் குழு அழைத்தது. தமிழ் பேசும் ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். தமிழ் பேசவும் தமிழ்ச் சாப்பாடு சாப்பிடவும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். உடனே கிளம்பிவிட்டேன்.

தங்கியது கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில். அதை நடத்தியவர் முசே அந்துவான் (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா), பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். என்னிடம் தமிழ் பேசுவார், மனைவியிடம் பிரெஞ்சு, நாயிடம் இரண்டும். முதல் நாள் காலை நீள ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார். எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் பினாங்கில் கோட்டை கட்டினான், மலைக்கு ரயில் விட்டான், ரொட்டி விஷயத்தில் எங்களைக் கைவிட்டுவிட்டான். இங்கே ஆண்டவர்கள் அந்தக் குறை வைக்கவில்லை. ஆனால் கடித்து இழுத்ததில் எனக்குத் தாடை வலித்தது. மறுநாளே பிலோமினாவிடம் நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

பிலோமினா ஆய்வுக் குழுவின் களப்பணியாளர். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவார். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் அவருக்கு எதிலும் அவசரம், பேச்சிலும். "நம்ம வேல பாக்கற எடத்துலயே இருக்குது சார், ஏறுங்க" என்றார். ஏறினேன். என் எடை தாங்காமல் ஸ்கூட்டர் ஒரு வேகத்தடையில் முனகி நின்றுவிட்டது. அவர் உதைக்க, நான் தள்ள, கடற்கரைச் சாலையில் நடைபயிற்சி போன கிழவர்களெல்லாம் ஆலோசனை சொல்ல, ஒருவழியாகக் குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்தோம்.

லூர்தக்காவின் கடை அவர் வீட்டு வாசலேதான். ஒரு தகரக் கூரை, இரண்டு அடுப்பு, உட்கார ஒரு பெஞ்சு. காலையில் சந்தே அங்கே கூடிவிடும். பாத்திரத்தோடு வரும் பெண்கள், வேலைக்குப் போகுமுன் நின்றபடியே விழுங்கும் ஆண்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். இட்லி ஆவியில் வேகும், சாம்பார் கொதிக்கும், ஊர்க்கதையும் கூடவே கொதிக்கும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பினாங்கு கோப்பிக் கடைகளில் கூட இப்போது ஆளாளுக்குக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலைக்கும் அது வசதியாக அமைந்தது. நான் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன்: "உங்க வீட்ல யாருக்காவது இந்த மழையில வயிறு கெட்டுப்போச்சா?" ஆமாம் என்பவர்களோடு பிலோமினா அவர்கள் வீட்டு வாசல் வரை போய், கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வருவார். வெயில் ஏறியதும் மற்ற சந்துகளில் ஒரு நடை போவோம். மீன் காயப்போடும் பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டியிருக்கும். "பூட்டியிருக்குது சார்" என்பார் பிலோமினா. "சரி, போவோம்" என்பேன் நான். அவருக்கு மகள் பள்ளி, எனக்கு மத்தியான மீன் குழம்பு.

ஒரு நாள் காலை லூர்தக்கா சட்னி ஊற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கெழம ஜெசிந்தா பொண்ணுக்குப் புது நன்ம. வூட்டுக்கு வர்றவங்க அத்தினி பேருக்கும் காலை டிபன் நம்ம கைதான்."

புது நன்மை என்பது கத்தோலிக்கக் குழந்தைகள் கோயிலில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடை, மெழுகுவர்த்தி, வீடு நிறைய உறவுக்காரர்கள். ஜெசிந்தா அதே சந்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர். தினமும் பாத்திரத்தோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

"இது நல்லபடியா முடிஞ்சா கோயில் திருவிழாவுக்கும் நம்மளத்தான் கூப்புடுவாங்க. தகரத்த எடுத்துட்டு நல்ல கூர போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். நான் திருவிழாவுக்கு மறுபடி வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்னொரு இட்லியும் வாங்கிக்கொண்டேன்.

புள்ளிகள் சேர்ந்துவிட்டன. வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் சிவப்புப் புள்ளிகளாக அவற்றை வைத்து, பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் சுவர் அகலத்துக்கு அச்சடித்தோம். திரும்பும்போது மார்க்கெட்டுக்குள் நுழைந்து போகலாம் என்றது என் யோசனைதான். காய்கறி மூட்டை தூக்கியவர் ஒரு பக்கம் இடிக்க, மீன் கூடையோடு வந்த அம்மாள் மறுபக்கம் இடிக்க, சுருட்டி வைத்திருந்த வரைபடத்தின் நுனியில் மீன் தண்ணீர் கொட்டிவிட்டது. ஆட்டோவில் அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "என்னா சார், பேனரா? எந்தக் கட்சி?" என்றார். சுகாதார வரைபடம் என்று விளக்கினேன். "அப்ப ஓட்டு வுழாது" என்றார்.

புதன்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் மக்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. கண்டதை மக்களிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். ஆய்வுக் குழுவின் மற்ற பெரியவர்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று விட்டுவிட்டார்கள். சுவரில் ஒட்டும்போது கவனித்தேன், மீன் தண்ணீர்க் கறை சரியாகக் கடல் பக்கத்து மூலையில் இருந்தது. பொருத்தம்தான் என்று நானே சிரித்துக்கொண்டேன்.

"சார், புள்ளி மட்டும் காட்டுனா போதும். வட்டம் கிட்டம் போட வேணாம்" என்றார் பிலோமினா.

"வட்டம் போட்டால்தான் புரியும், பிலோமினா."

கூட்டம் நிறைய வந்திருந்தது. லூர்தக்கா எல்லோருக்கும் சுண்டல் செய்து கொண்டுவந்திருந்தார். காகிதப் பொட்டலத்தோடு பெண்கள் வரைபடத்தை மொய்த்தார்கள். "தோ பாரு, நம்ம வூட்டு மாடி." "என் பொடவ கொடியில தொங்குது பாரு." ஒரே கலகலப்பு. அந்தக் கலகலப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு மார்க்கரை எடுத்து, புள்ளிகள் நெருக்கமாக இருந்த இடத்தைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். "நோய் இங்கேதான் கூடியிருக்கிறது" என்றேன், பட்டிமன்ற நடுவர் தீர்ப்புச் சொல்கிற குரலில்.

பினாங்கில் நான் போடும் வட்டம் அலுவலகச் சுவரில் இருக்கும். அதற்குள் வாழ்பவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர் பெயரே தெரியாது. வட்டம் என்றால் அங்கே கொசு மருந்து அடிக்கும் வண்டி போகும், அவ்வளவுதான். குருசுக்குப்பத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? தினமும் அந்தப் பெயர்களோடுதானே உட்கார்ந்து தின்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "வட்டத்துக்கு நடுவுல இருக்கறது லூர்து கடதானே?"

ஆமாம். நட்டநடுவில் அந்தத் தகரக் கூரை.

"பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம், அதனால்தான் வந்தது என்று அர்த்தம் இல்லை" என்று நான் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை மெல்லத் தரையில் வைத்தார். இன்னொருவர் கைப்பேசியை உயர்த்தி வரைபடத்தைப் படம் எடுத்தார். கதவோரம் சுண்டல் பாத்திரத்தோடு நின்ற லூர்தக்கா யாரையும் பார்க்காமல் மூடியைப் போட்டு மூடினார். என் பொட்டலம் முன்பே காலியாகிவிட்டிருந்தது. அது ஒரு நல்ல காலம், தின்பதா வைப்பதா என்ற சங்கடம் இல்லை என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல் கடைக்குப் போனேன். பெஞ்சு காலி. பாத்திரத்தோடு இரண்டு பேர் நின்றார்கள். லூர்தக்கா தட்டில் வாழையிலைத் துண்டு போட்டு இட்லியை எடுத்து வைக்கப் போனார்.

என் கை நீளவில்லை. வட்டம் போட்டவன் நான். அந்த வட்டத்தை நம்பியவர்களில் முதல் ஆளும் நான்தான்.

"இன்னிக்கு வேணாம்க்கா. வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றேன்.

பொய். என் வயிறு அன்று கருங்கல்லைப் போட்டாலும் அரைத்திருக்கும். பாத்திரத்தோடு நின்ற இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

லூர்தக்கா எடுத்த இட்லியைத் திரும்ப வைத்தார். பிறகு உள்ளே போய் இஞ்சி தட்டிப் போட்ட மோர் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். "வெறும் வயித்தோட போவாதீங்க. இத்த குடிங்க, கேக்கும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இட்லியாவது ஆவியில் வெந்தது, இதில் என்ன தண்ணீரோ என்று பயந்துகொண்டே குடித்தேன். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு மருந்து தருகிற கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே குடித்தேன். நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுதிக்குத் திரும்பி, முசே அந்துவானின் ரொட்டியைத் தாடை வலிக்க வலிக்கத் தின்றேன்.

அன்று மாலை முசே அந்துவானும் மனைவியும் முற்றத்தில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் கைப்பேசியை நீட்டினார், முசே என்னைப் பார்த்தார். "குருசுக்குப்பத்துல ஒரு இட்லிக் கடையால ஊருக்கே நோவாம், விருந்தாளிய அங்க அனுப்பாதன்னு சொல்றா" என்று எனக்கு மொழிபெயர்த்தார். கைப்பேசியில் என் வரைபடம். என் வட்டம். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: உஷார்.

"நீங்க அந்தப் பக்கந்தானே போறீங்க முசே? யாரு போட்ட படம் இது, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை பிலோமினா ஸ்கூட்டரை நிறுத்தும்போதே முகம் சரியில்லை. "உங்களுக்கு நெஜமாவே வயிறு சரியில்லயா சார்?"

"கொஞ்சம்" என்றேன். ஒரு பொய் சொன்னவன் அதற்குக் காவல் வைக்கத்தானே வேண்டும்.

"அத்த ஏன் சார் கடையில போயி சொன்னீங்க? 'மலேசியா சாருக்கே வயித்தால போவுதாம், தெனம் அங்கதான் துன்னாரு'ன்னு சந்து பூரா அதே பேச்சு. படத்த கூட நம்பாதவங்க இத்த நம்பிட்டாங்க. ஜெசிந்தாக்கா ஞாயித்துக்கெழம ஆர்டரே வேணான்னு சொல்லிட்டாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நானோ அந்த உலைக்கு விறகு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் வரைபடத்தில் எத்தனையோ புள்ளி. எல்லாவற்றையும் விடப் பெரிய புள்ளி, வரைபடத்திலேயே இல்லாத என் வயிறுதான்.

அன்று மத்தியானம் பிலோமினா போன பிறகும் நான் விடுதிக்குத் திரும்பவில்லை. திரும்பினால் லூர்தக்கா கடை வழியாகத்தான் போக வேண்டும். அவர் கண்ணில் படாமல் இருக்கக் கால் எதிர்ப்பக்கம் நடந்தது. மீன் காயப்போடும் சந்துகள் அவை. காலையில் நாங்கள் பார்க்கும்போதெல்லாம் பூட்டிக் கிடந்த வீடுகள். இப்போது எல்லாம் திறந்திருந்தன. மார்க்கெட்டிலிருந்து திரும்பிய பெண்கள் வாசலில் மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

செங்கேணி என்ற அம்மாள், கூடையைத் தேய்த்தபடி, "நீங்கதான் புள்ளி வெக்கறவரா? எங்க வூட்டுக்கெல்லாம் வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"உங்க வீட்ல யாருக்காவது..."

"வயித்தால போவாத வூடு இங்க எது இருக்குது? எம் பேரனுக்கு மூணு நாளு. எதுத்த வூட்ல மாமியாளுக்கும் மருமவளுக்கும். அந்தக் கோடி வூட்ல ஆஸ்பத்திரியிலயே சேத்தாங்க. நீங்க வர்றப்ப நாங்க மார்க்கெட்ல இருப்போம். எங்கள யாரு கேட்டாங்க?"

தயங்கித் தயங்கி, லூர்தக்கா கடையில் வாங்கிச் சாப்பிடுவதுண்டா என்று கேட்டேன்.

"லூர்து இட்லியா? அவ அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்னாடியே நாங்க கூடைய தூக்கிடுவோம். எங்களுக்கு மார்க்கெட்ல டீயும் பன்னுந்தான்." பேரனுக்கும் காலையில் பழைய சோறுதான் என்றார். எதிர்வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போனேன். வரைபடத்தில் நாங்கள் வெறுமையாக விட்டிருந்த சந்துகளில், லூர்தக்கா சந்தில் இருந்த அளவுக்கு நோய் இருந்தது, குறைவில்லாமல். அந்த மழைக்கு எல்லா வீட்டு வயிறும் கெட்டிருக்கிறது. தண்ணீரா, சாக்கடையா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். புள்ளிகள் லூர்தக்கா கடையைச் சுற்றிக் கூடியதற்குக் காரணம் இட்லி இல்லை. நான் அங்கே உட்கார்ந்து தின்றேன், தின்ற இடத்தில் விசாரித்தேன். நான் போட்டது நோயின் வரைபடமே அல்ல, நான் பசியாறிய இடத்தின் வரைபடம். இத்தனை ஆண்டு இதே தொழில். முதல் பாடத்தில் சொல்லித் தருகிற தவறு. மாணவன் எவனாவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

நேராக லூர்தக்காவிடம் போனேன். அவர் வாசலில் இட்லித் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். உங்கள் மேல் தவறே இல்லை, வரைபடம் தவறு, நாளை மாலை மறுபடி கூட்டம் போட்டு எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன், ஜெசிந்தாவையும் வரச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் உங்களுக்குத்தான், நம்பி அரிசியை ஊறப் போடுங்கள் என்றேன். ஊறப் போடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "நேத்து மோர் குடிச்சீங்களே சார். கேட்டுச்சா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்.

"கேட்டுச்சுக்கா" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறிப் போட்டார்.

சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. தப்பான வரைபடத்துக்குக் கூடிய கூட்டம், சரியான வரைபடத்துக்குக் கூடவில்லை. செங்கேணியம்மாளும் இன்னும் சில மீன்காரப் பெண்களும் வந்திருந்தார்கள். பின்னால் ஜெசிந்தா. கதவோரம் அதே இடத்தில் லூர்தக்கா, இந்தத் தடவை கையில் பாத்திரம் இல்லாமல். மத்தியானமே அரிசியை ஊறப் போட்டுவிட்டார் என்று பிலோமினா சொல்லியிருந்தார்.

புதிய புள்ளிகளோடு வரைபடத்தைக் காட்டினேன். எல்லாச் சந்திலும் சிவப்பு. நோய் எங்கும் இருக்கிறது, நாங்கள் சில சந்துகளுக்கு மட்டும் போனதால் வந்த தவறு, லூர்தக்கா கடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கினேன். பிலோமினாவும் எழுந்து, "பூட்டுன வூட்டுக்குத் திரும்பிப் போவாதது எந் தப்புந்தான்" என்றார். செங்கேணியம்மாள் தலையாட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஜெசிந்தா எழுந்தார். கோபக்காரர் இல்லை, தர்மசங்கடத்தில் இருந்தார். "எனக்கு லூர்தக்கா மேல ஒன்னும் இல்ல சார். எங்க மாமியார் வூட்டுக்காரங்க போன்ல படத்த பாத்துட்டு, அந்த இட்லின்னா நாங்க வர மாட்டோம்றாங்க. படம் தப்புன்னு சொல்லிப் பாக்கறேன். ஆனா ஒன்னு கேப்பாங்க. அந்தக் கடையில தெனம் துன்ன உங்களுக்கே வயிறு கெட்டுச்சு, நிறுத்திட்டீங்கன்னு சொல்றாங்களே? அதுக்கு நான் என்னா பதில் சொல்லட்டும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லூர்தக்காவும்.

என் கழுத்தில் ஆய்வுக் குழுவின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வல்லுநர் என்று அறிமுகம் செய்யப்பட்டவன், பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? வரைபடத்தின் தவறை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அது படித்தவன் செய்யும் தவறு. இது அப்படி இல்லையே.

"அது வேற விஷயம்மா. தண்ணி ஒத்துக்காம இருந்திருக்கும்" என்றேன்.

ஜெசிந்தா, "அப்ப கெட்டது நெஜந்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஓட்டலில் பொங்கல் சொல்லியாகிவிட்டது, அது அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. லூர்தக்கா எப்போது வெளியே போனார் என்று நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பிலோமினா பஸ் நிலையத்தில் விடுகிறேன் என்று வந்தார். "குருசுக்குப்பம் வழியா போவோம்" என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார்.

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. லூர்தக்கா கடையில் ஆளில்லை. இரண்டு அடுப்பும் எரிந்தன. பக்கத்தில் பெரிய குண்டான் நிறைய மாவு பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. வேகவைத்த இட்லிகளை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

"ஊறுன அரிசிய திரும்ப மூட்டையில கொட்ட முடியுமா சார்? அதான் ஆட்டிட்டேன்" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். கேட்காமலே தட்டு வந்தது. சாப்பிடத் தொடங்கினேன். அப்போது சந்தின் மேல்பக்கத்திலிருந்து ஜெசிந்தா வீட்டார் கோயிலுக்குப் புறப்பட்டு வந்தார்கள். முன்னால் வெள்ளை கவுனில் சின்னப் பெண், கையில் மெழுகுவர்த்தி. பின்னால் ஜெசிந்தாவும் மாமியாரும் பட்டுப்புடவை உறவுக்காரர்களும். நான் சாப்பிடுவதைப் பார்த்து நடை தளர்ந்தது. ஜெசிந்தா நின்றேவிட்டார். அக்கம்பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் இருந்தார்கள்.

லூர்தக்கா கரண்டியோடு நிமிர்ந்தார். இதுவரை நான் கேட்காத உரத்த குரலில், "வயிறு சரியாப் போச்சா சார்?" என்றார்.

ஆச்சு என்று சொல்லிவிட்டால் போதும், எழுந்து ஸ்கூட்டரில் ஏறிவிடலாம். திருவிழாவுக்கு வருகிறேன் என்று கூடச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆச்சு என்று சொன்னால் கெட்டிருந்தது என்று ஆகும். உண்மையை என் வாயிலிருந்தே வரவைக்கத்தான் அவர் கேட்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு முதல் நாளே தெரியும். மோர் கொடுத்த அன்றே தெரியும்.

தட்டைக் கீழே வைத்தேன். "என் வயிறு கெடவே இல்லக்கா" என்றேன். "அன்னிக்கு உங்க இட்லியத் திங்க பயந்துகிட்டுப் பொய் சொன்னேன்."

ஸ்கூட்டர் பக்கம் நின்ற பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெசிந்தாவின் மாமியார், "என்னவாம்? என்னா சொல்றாரு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

லூர்தக்கா கண்ணைத் துடைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எழுந்து நின்னு சத்தமாச் சொல்லுங்க சார். பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

எழுந்து நின்று சொன்னேன். சந்துக் கோடி வாசலிலிருந்து ஒரு கிழவர் காதில் கையைக் குவித்துக் காட்டினார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன்.